நான் கையெழுத்திடாத கடிதம்

எங்கள் மருத்துவக் கல்லூரியில் அறுவைச் சிகிச்சைத் துறைத் தலைவர் பதவி காலியானபோது, சீனியாரிட்டியில் முதல் பெயர் என்னுடையது. டீனுக்கு அதுதான் சங்கடம். கூப்பிட்டு உட்காரவைத்து, காபி வரவழைத்து, தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார். பதவி உயர்வில் எனக்கு விருப்பமில்லை என்று நானே எழுதிக் கொடுப்பது போன்ற கடிதம். பெண் டாக்டர்களுக்கு முறை வரும்போதெல்லாம் எங்கள் கல்லூரியில் நடக்கிற வழக்கம் இது. யாரும் எங்களை ஒதுக்குவதில்லை, நாங்களே ஒதுங்கிக்கொண்டதாகத் தாள் சொல்லிவிடும்.

"கையெழுத்து மட்டும் போடுங்கம்மா. ஏழாயிரம்பண்ணையில பட்டாசு ஆலை வெடிச்சா எந்நேரமும் ஓடியாரணும். உங்களுக்கு எதுக்கு இந்தத் தொல்லை?"

இத்தனை வருஷமும் ஓடி வந்தது யாராம்? போன சீசனில் வெம்பக்கோட்டைப் பக்கம் விபத்து நடந்தபோது இரண்டு நாள் ஆபரேஷன் தியேட்டரை விட்டு நான் வெளியே வரவில்லை. இவர் தலைவராக்க நினைக்கும் என் ஜூனியர், வாசலில் நின்று டிவிக்காரர்களுக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடிதத்தைப் படித்தேன். 'என் கைக்குழந்தையைக் கவனிக்க வேண்டியிருப்பதால்' என்று காரணம் போட்டிருந்தது. என் மகள் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள்.

"அது கம்ப்யூட்டர்ல கெடக்குற பழைய லெட்டரும்மா. பேரை மட்டும் மாத்துவோம். போன வருசம் மயக்கவியல் மேடமும் இதுலதான் கையெழுத்துப் போட்டாக."

"அவங்களுக்குப் பிள்ளையே கிடையாதே சார்."

டீன் காபியைக் குடித்தார்.

நான் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் எழுதினேன்: 'பதவி உயர்வில் எனக்கு முழு விருப்பம் உண்டு.' தேதியும் கையெழுத்தும் போட்டு நேரே தபால் பிரிவுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெண் எழுத்தர் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு, "டீன் ஏசப் போறாக மேடம்" என்றார்.

"ஏசட்டும். ஒரு நகல் எடுத்து சீல் போட்டுக் குடுங்க."

மத்தியானத்துக்குள் செய்தி கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. மயக்கவியல் மேடம் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"அன்னைக்கு அந்தக் காரணத்தைப் படிச்சிட்டுத்தாம்மா கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்குப் போயி அம்புட்டு அழுகை. குடுத்த கடிதத்தைத் திருப்பி வாங்க முடியுமா?"

"முடியுமான்னு தெரியல மேடம். கேட்டுப் பாக்கலாம்."

"நீ என்னன்னு எழுதுன?"

நகலைக் காட்டினேன். என் மேஜையிலேயே உட்கார்ந்து அவரும் அப்படியே எழுதினார். எங்கள் இருவருக்கும் பதவி உயர்வு ஆணை இன்னும் வரவில்லை. டீன் மேஜையில் இப்போது இரண்டு கடிதங்கள் கிடக்கின்றன.