பானெட்டில் இருந்த நம்பர்

போன ஞாயிற்றுக்கிழமை, பழவேற்காட்டை அடுத்த லைட்ஹவுஸ் குப்பத்தில், ஒரு நல்ல மனிதரைத் திட்ட வாயெடுத்து, முடியாமல் திரும்பி வந்தேன். கெட்டவன் ஒரு காரியத்தைக் கெடுத்தால் நாலு வார்த்தை கேட்கலாம். நல்லவன் கெடுத்தால்...?

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். யுத்த காலத்து ராணுவ வண்டி எங்கே கிடந்தாலும் மோப்பம் பிடித்துப் போய், துரு தட்டி, நம்பர் தேடி, பழையபடி ஓடவைக்கிற பைத்தியம். என்னைப் போல இன்னும் நாலைந்து பேர். என் மனைவி இதற்கு வைத்திருக்கும் பெயர் வேறு — அச்சில் வராது.

இந்தக் கோஷ்டியில் ராமலிங்கம் மட்டும் தனி ரகம். பஸ் டெப்போவில் ஃபிட்டர். எங்களுக்கு எந்த ஜீப் கிடைத்தாலும் கொண்டாட்டம்தான். அவருக்கு ஒரே ஒரு ஜீப்தான் வேண்டும். அவருடைய அப்பா ஓட்டிய ஜீப்.

அப்பா ராணுவத்தில் டிரைவர். ராமலிங்கத்துக்கு இரண்டு வயதாக இருக்கும்போது பர்மா பக்கம் போனவர், திரும்பவில்லை. உடம்பும் வரவில்லை, பெட்டியும் வரவில்லை. மிச்சம் ஒரு போட்டோ. ஜீப் பானெட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு சிரிக்கிறார். பின்பக்கம் பென்சிலில் ‘பழவேற்காடு’ என்று எழுதியிருக்கிறது. கடற்கரைக் காவலுக்கு அங்கே போட்டிருந்தார்களாம். பானெட்டின் பக்கவாட்டில் வெள்ளை பெயிண்டில் வண்டி நம்பர். முதல் எண்களை அப்பாவின் இடுப்பு மறைக்கிறது. கடைசி இரண்டு மட்டும் தெரிகிறது — ஏழு, நாலு.

லைட்ஹவுஸ் குப்பத்தில் தேசப்பன் என்கிற மீனவரின் குடிசையோரம் ஒரு ஜீப் கிடப்பதாகத் துப்பு கிடைத்தது. யுத்தம் முடிந்ததும் ராணுவம் ஏலத்தில் தள்ளிவிட்ட வண்டி. யாரோ ஒரு வியாபாரி அதில் பொன்னேரிக்கு மீன் ஏற்றிக்கொண்டிருந்தாராம். என்ஜின் போனதும் அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அது வலை காயப்போடத்தான் உதவியிருக்கிறது. விலை கேட்டதும் தேசப்பன் சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

நானும் ராமலிங்கமும் போன முதல் ஞாயிறு பானெட்டோடு சரி. உப்புத்தாளை மண்ணெண்ணெயில் நனைத்து, நகத்தளவு நகத்தளவாகத் தேய்த்தோம். மேலே வியாபாரியின் மஞ்சள். அதற்குக் கீழே ஒரு சாம்பல். அதற்கும் கீழே... ராணுவப் பச்சை! சாயங்காலம் பச்சையின் மேல் ஒரு வெள்ளைக் கோட்டின் நுனி எட்டிப் பார்த்தது. ராமலிங்கம் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டார். அவசரத்தில் தேய்த்தால் நம்பரும் சேர்ந்து போய்விடும். கடைசி பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினோம்.

கிளம்பும்போது நான் சும்மா வந்திருக்கலாம். எனக்குத்தான் வாய் நீளமாயிற்றே. தேசப்பனைத் தனியாக அழைத்து, இது ராமலிங்கத்தின் அப்பா ஓட்டிய வண்டியாக இருக்கலாம், அப்பா சண்டையில் போய்விட்டார், நல்லா பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

நல்லா பார்த்துக்கொண்டார்.

போன ஞாயிறு போய் நின்றால், குடிசையோரம் ஒரு புது வண்டி! பளபளவென்று நீலம், ஓரமெல்லாம் சிவப்பு. தேசப்பன் தன் படகுக்கு அடிக்கும் அதே பெயிண்ட். உள்ளே எட்டிப் பார்த்தால் மீன் எண்ணெய் வாடை குப்பென்று அடிக்கிறது. தம்பியும் மச்சானும் துணைக்கு. மூன்று பேரும் நாலு நாள் கடலுக்குப் போகாமல், வெறும் தகடு தெரிகிற வரைக்கும் சுரண்டியிருக்கிறார்கள்.

எங்கள் முகத்தைப் பார்த்து அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

“செத்துப்போனவரு படகை மவன் கைல குடுக்கசொல்ல, அப்டியேவா சார் குடுப்பாங்க? சொரண்டி, எண்ண பூசி, கலர் அடிச்சித்தான் குடுக்கணும். எங்க கரைல அதான் மொறை.”

  

ராமலிங்கம் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். சுரண்டும்போது ஏதாவது நம்பர் தெரிந்ததா என்று மெதுவாகக் கேட்டார். வெள்ளையாக ஏதோ இருந்ததாகவும், கைபட்டதும் உதிர்ந்துவிட்டதாகவும், தான் சரியாகக் கவனிக்கவில்லை என்றும் தேசப்பன் சொன்னார்.

“கடைசியில ஏழு நாலு இருந்துச்சா?”

தேசப்பன் அவர் முகத்தையே பார்த்தார். “ஆமா சார். ஏழு, நாலு.”

ராமலிங்கம் எழுந்தார். போட்டோவில் அப்பா கை வைத்திருந்த அதே இடத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பத்து வருஷமாகப் பழகுகிறேன், அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்தேனா? ஆராய்ச்சிக்காரன் புத்தி விடுமா! பதிலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுக் கேட்ட கேள்வியை எந்த ஆராய்ச்சி ஒப்புக்கொள்ளும்? எனவே நானும் ஒன்று கேட்டேன் — ஒருவேளை ஆறு, ஒன்பதாக இருக்குமோ?

“அதுவும் இருக்கும் சார்.” தேசப்பன் ராமலிங்கம் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு எது வேணும்னு சொல்லுங்க. வெள்ள பெயிண்டு மிச்சம் கீது. அதையே எழுதிக் குடுத்துடறேன்.”

கேலியில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. தப்பு நடந்துவிட்டது என்பது மட்டும் அவருக்குப் புரிந்துவிட்டது. கையில் இருந்ததைக் கொண்டு அதைச் சரிசெய்யப் பார்த்தார், பாவம்.

ராமலிங்கம் கையை எடுத்தார். பெயிண்ட் இன்னும் காயவில்லை. உள்ளங்கை முழுக்க நீலம்.

நாற்பது வருஷத்து உப்புக்காற்றுக்குத் தப்பிய நம்பர் அது. ஒரு நல்ல மனசுக்குத் தப்பவில்லை. என்னைக் கேட்டால், தேசப்பனை விட நான்தான் அதிகம் சுரண்டினேன்.

பொன்னேரி வரும்வரை ராமலிங்கம் கையைத் துடைக்கவில்லை. ஸ்டேஷனில் ரயில் வரும் நேரத்தில் சொன்னார்.

“அந்த ரெண்டாவது கேள்வியை நீங்க கேக்காம இருந்திருக்கலாம் சார்.”

இருந்திருக்கலாம்தான்.