சீதாலட்சுமி ஆட்டிய வெறுங்கூடை

எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த பதினேழு பிள்ளைகளுக்குத் தூளி கட்டியவள், என் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் சீதாலட்சுமி. காலையில் ரப்பர் பால் வெட்டப் போவாள். மத்தியானம் பார்த்தால் யார் வீட்டு விட்டத்திலாவது சேலையை முடிந்துகொண்டிருப்பாள். அந்த முடிச்சில் இன்னொருத்தி கை வைத்தால் போதும், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அவளுக்குக் கல்யாணம் காட்சி ஒன்றும் இல்லை. தம்பி பிரதாப்புக்கு ஆறு வருடம் கழித்துப் பிள்ளை பிறந்ததும், தன் பச்சைச் சேலையைத் துவைத்து மடித்து வைத்தாள். பேர் வைக்கிற அன்று பிள்ளையைத் தொட்டிலில் போடுவது அத்தையின் உரிமை. அதை அவள் யாருக்கும் விட்டுத் தரமாட்டாள்.

அதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, பிள்ளையின் சித்தி துஷாந்தினி கொழும்பிலிருந்து வந்து திரீவீலில் இறங்கினாள். கையில் வெள்ளைத் துணி தைத்த பிரம்புக்கூடை, அடியில் ஆடுகிற கட்டை.

"இது என்னாது?" என்றாள் சீதாலட்சுமி.

"மோசஸ் பாஸ்கட், அக்கா. கொழும்புல இப்ப எல்லாரும் இதுலதான் போடுறாங்க."

"நாங்க தூளிங்கிறோம். தெரணியகலை கடைக்காரம்மா ஏணைங்கிறாங்க. சிங்கள ஆளுங்க தொட்டில்லங்கிறாங்க. மீன் கூடைக்கு இம்புட்டுப் பெரிய பேரா?"

லயமே சிரித்தது. ஆனால் அதே லயம் வந்து கூடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. பச்சைச் சேலையை ஒருத்தியும் கேட்கவில்லை. சீதாலட்சுமிக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் ஆளில்லாத நேரம் பார்த்து அந்த வெறுங்கூடையைக் காலால் ஆட்டினாள். வெறும் தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு வயிற்றுவலி வரும் என்று லயத்துப் பிள்ளைகளையெல்லாம் திட்டுகிறவளே அவள்தான். ஆத்திரம் தீர ஆட்டினாள்.

சாயந்தரம் பிள்ளை காலை மடக்கிக்கொண்டு வீறிட்டது. சீதாலட்சுமி ஓடிவந்தாள். தம்பி மனைவி நிலுஷாவின் முன்னால் போய் நின்று அழுதாள்.

"நாந்தான் பாவி. பொறாமையில வெறுங்கூடைய ஆட்டிட்டேன்."

துஷாந்தினி பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். பெரிதாக ஓர் ஏப்பம் வந்தது, அழுகை நின்றது.

"வெறும் காத்துதான், அக்கா. நீங்க ஆட்டினதால ஒண்ணுமில்ல."

இவ்வளவு பொறாமைப்பட்டும் ஒரு வயிற்றுவலி வரவழைக்கக்கூட முடியவில்லையாம்! அதில் வேறு அவளுக்கு மனம் நொந்துபோனது.

நிலுஷா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு நீங்கதான் புள்ளயப் போடணும், அண்ணி. கூடையிலயே போடுங்க, என்ன?"

போட்டாள். பச்சைச் சேலையை நாலாய் மடித்து அடியில் விரித்துவிட்டுத்தான் போட்டாள். பிள்ளை ஒரு சிணுங்கல் இல்லாமல் தூங்கிப்போனது.

கொஞ்சமாவது அழுதிருக்கலாம் என்று இன்றைக்கும் என்னிடம் சொல்கிறாள்.