தங்கை காத்த முட்டை

என் தங்கையின் உலகத்தை நான் திருடினேன். திருடியதோடு நிற்கவில்லை… அவள் மாதக்கணக்கில் காத்திருந்த ஒரு கணத்தை, அவளுக்குத் தெரியாமல், அவள் இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்துவிட்டேன்.

ஆறு ஆண்டுகளாக இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எது என் குற்றம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு இருபத்தொன்பது வயது. ஒரு நிறுவனத்தின் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. மாய விலங்குகளும் மிதக்கும் தீவுகளும் வரும் விளையாட்டுகளை இன்றும் விளையாடுகிறேன். அப்படிப்பட்ட படம் வந்தால் முதல் வாரமே போய்விடுகிறேன். திரையில் ஒரு மலை அசைந்து, அது மலையல்ல, உறங்கும் உயிர் என்று தெரியும்போது கையில் மயிர் சிலிர்க்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள் பொழுதுபோக்கு என்னவென்று கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன். மாப்பிள்ளையின் அத்தை சிரித்தார். எனக்கு வெட்கமில்லை.

வெட்கம் வேறு இடத்தில் இருக்கிறது.

பாகூர் ஏரியை ஒட்டியது எங்கள் ஊர். என் தங்கை சங்கவி என்னைவிட ஐந்து வயது இளையவள். என் பழைய மடிக்கணினியை அவளுக்குக் கொடுத்தவள் நான். அப்படியொரு கணினி விளையாட்டை அதில் ஏற்றிக் கொடுத்தவளும் நானே.

அதற்குள் அவள் மூன்று ஆண்டுகள் ஓர் உலகத்தைக் கட்டினாள். காடு, ஓடை, தொங்கு பாலங்கள், தனக்கென்று இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் உருவம். மலை உச்சியில் ஒரு முட்டை இருந்தது. அதன் அருகே தினமும் விறகு சேர்த்துத் தீ மூட்ட வேண்டும். தவறினால் பொரியும் நாள் தள்ளிப்போகும். உள்ளே என்ன இருக்கிறது என்று விளையாட்டு சொல்லாது. ஆளுக்கொரு விதமாக வரும். நாள்காட்டியில் ஒவ்வொரு நாளும் பென்சிலால் ஒரு கோடு போடுவாள். பெயர்கூட யோசித்து வைத்திருந்தாள். என்ன பெயர் என்று கேட்டால், அது வந்தபிறகு அதனிடம்தான் முதலில் சொல்வேன் என்பாள்.

பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வில் இரண்டு பாடங்களில் தோற்றாள். அம்மா என்னிடம் வந்தாள்.

"நீதான கம்ப்யூட்டரு படிச்சவ. எதுனா பண்ணு. இல்லன்னா அதத் தூக்கிக் கெணத்துல போட்டுருவேன்."

நான் பதற்றப்படுகிறவள் அல்ல. என்ன செய்யவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். ஒன்று, அவள் உலகம் இருந்த கோப்பைப் பென் டிரைவில் நகலெடுப்பது. இரண்டு, மடிக்கணினியிலிருந்து அழிப்பது. மூன்று, மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குக் காத்திருப்பது.

மூன்றாவதை எங்கள் ஊர்க்காரர்கள் கேட்டவுடன் புரிந்துகொள்வார்கள். அந்த மின்சாரம் வந்ததும் வயல் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கும். வீட்டு விளக்கு மங்கும், மின்விசிறி தள்ளாடும். மிக்சி கெட்டால் வோல்டேஜ். டிவி கெட்டால் வோல்டேஜ். அந்த மடிக்கணினியின் பேட்டரி எப்போதோ செத்திருந்தது; வயரை எடுத்தால் அணைந்துவிடும். விளக்கு மங்கியது… நான் வயரைப் பிடுங்கினேன். யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

சங்கவி மீண்டும் திறந்து பார்த்தாள். வெறுமை. அவள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"முட்டையுமாக்கா?"

"எல்லாந்தான்டி. வோல்டேஜு."

இதுவரை நடந்ததற்கு நான் வாதாட முடியும். தேர்வு முடிந்ததும் திருப்பிக் கொடுப்பதாகத்தான் இருந்தேன். அந்தத் தாளில் நான்காவதாக அதையும் எழுதியிருந்தேன். நம்புங்கள்… இல்லை, நம்பாவிட்டாலும் பரவாயில்லை. என் குற்றம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

தேர்வு நெருங்கிய நாட்களில், கோப்பு பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பென் டிரைவை என் கணினியில் செருகி, அதிலிருந்தே திறந்தேன். மலை உச்சியில் தீ அணைந்து சாம்பலாகக் கிடந்தது. முட்டை தனியாக இருந்தது. சும்மா ஒரு முறை தீ மூட்டினேன். மறுநாளும் மூட்டினேன். அதற்கு மறுநாள், வேலையிலிருந்து வந்து கை கால் கூடக் கழுவாமல் மூட்டினேன்.

எட்டாவது நாளில் ஓட்டின் மேல் ஒரு மெல்லிய கோடு விழுந்தது.

இங்கேதான் உங்களை நிறுத்தி ஒன்று சொல்லவேண்டும். அலுவலகத்தில் எந்தக் கோப்பைத் தொடுமுன்னும் மூன்று நகல் எடுப்பவள் நான். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதைத்தான் முதல் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறேன். அன்று ஒரு நகல் எடுத்திருந்தால், நான் பார்த்தபிறகும் பொரியாத முட்டை சங்கவிக்காகப் பத்திரமாக இருந்திருக்கும். பத்து விநாடி வேலை.

எடுக்கவில்லை. மறந்தேனா? இல்லை!

இரண்டாம் முறையும் நடக்கும் என்று தெரிந்துவிட்டால் அது அற்புதமில்லை. எனக்கு ஒரே ஒரு முறை நடக்கும் ஒன்று வேண்டியிருந்தது. அது எனக்கு முன்னால் நடக்கவேண்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம். நல்ல காரணம் ஏதாவது அகப்படுமா என்று ஆறு ஆண்டுகளாகத் தேடிவிட்டேன்.

ஒன்பதாவது நாள், ஞாயிற்றுக்கிழமை. அம்மா மாடியில் உளுந்து காயவைத்துக்கொண்டிருந்தாள். சங்கவி வில்லியனூரில் தோழி வீட்டுக்குப் படிக்கப் போயிருந்தாள். நான் தீ மூட்டினேன். ஓடு விரிந்தது.

நாலு கால், நீண்ட கழுத்து, கண்ணாடி போன்ற இறக்கைகள். ஏரியில் நீர்க்காகம் நிற்பதுபோல, ஈர இறக்கைகளை விரித்து உலர்த்திக்கொண்டு நின்றது. பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்தது. என்னையல்ல… சங்கவி செய்த இரட்டைச் சடைப் பெண்ணை. அவளைத் தாயென்று நினைத்து நெருங்கிவந்து ஒட்டிக்கொண்டது.

என் கண்ணில் நீர் வந்தது. குற்ற உணர்வால் அல்ல. மகிழ்ச்சியால்! அதை மறைக்கப் போவதில்லை.

சங்கவி நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். நர்சிங் சேர்ந்தாள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ செய்ததால்தான் என்றாள். பென் டிரைவ் என் கைப்பையில்தான் இருந்தது. என்ன சொல்லி அதைத் திருப்பிக் கொடுப்பது? விளையாட்டை எல்லாம் விட்டுவிட்டேன் என்று சங்கவியே ஒருநாள் சொன்னாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. வளர்ந்ததால் விட்டாளா, நான் அணைத்ததால் அவள் ஆசை அணைந்ததா? அந்தக் கேள்வியை அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சென்ற மாதம் விடுமுறைக்கு வந்தவளைப் பாண்டிக்குப் படம் பார்க்க அழைத்துப் போனேன். பகல் காட்சி. மேகத்துக்குமேல் ஒரு நகரம், அதைச் சுமந்து பறக்கும் ஒரு பெரும்பறவை. நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். அவள் பாதிப் படத்திலேயே கைப்பேசியை எடுத்துவிட்டாள்.

திரும்பும்போது கிருமாம்பாக்கத்தில் வண்டியை நிறுத்திக் கரும்புச்சாறு குடித்தோம்.

"எப்டிக்கா இன்னும் வாயப் பொளந்துகினு பாக்குற? எனக்கு ஒன்னுமே தோணல. எல்லாம் கம்ப்யூட்டர்ல பண்ணதுன்னுதான் தெரியுது" என்றாள். கிண்டல்தான். ஆனால் சிரித்து முடித்தபிறகு டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த முட்ட பொரிஞ்சிருந்தா, உள்ள இன்னா இருந்திருக்கும்க்கா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். இருபத்துநான்கு வயது முகத்தில், ஒரு விநாடிக்கு, நாள்காட்டியில் கோடு போட்ட பெண் இருந்தாள். உலகத்தில் அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த ஒரே ஆள் நான். சொல்லியிருக்கலாம். எல்லாவற்றையும் அங்கேயே சொல்லியிருக்கலாம்…

"ஒன்னும் இருந்திருக்காதுடி. சும்மா ஆசகாட்ட வெச்சிருப்பான்."

"அதான் நானும் நெனச்சேன்" என்றாள். டம்ளரை வைத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். நான் வண்டியைக் கிளப்பினேன்.

திருடியதைவிட இது பெரிய குற்றம் என்று தெரிந்தே சொன்னேன்.

முட்டையிலிருந்து வந்தது இப்போது வளர்ந்துவிட்டது. இறக்கை விரித்தால் பாதி மலைக்கு நிழல். வாரத்துக்கு ஒருமுறையாவது திறந்து பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் வியக்கிறேன். உங்களிடம் இவ்வளவு சொன்னபிறகும் நாளை மறுபடி திறப்பேன்.

திறக்கும்போதெல்லாம் திரையில் ஒரு கட்டம் வருகிறது. இதன் பெயர் என்ன என்று கேட்கிறது.

நான் அதைக் காலியாக விட்டுவிட்டு உள்ளே போகிறேன்.