மாசி படாத கல்

ரொட்டியைக் கொத்தும்போது சிவநந்தினி கல்லைப் பார்ப்பதில்லை. காது விழா மேடையில் இருக்கும். கண் வரிசையில் நிற்பவர்களின் மணிக்கட்டில் இருக்கும். யார் கையிலாவது மஞ்சள் காப்பு தெரிந்துவிட்டால், கொத்துத் தகடுகள் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, "விரதமுங்களா? வெங்காயம் போடலாமா, வேணாமா?" என்று கேட்டுவிடுவாள். அவர் யோசித்துப் பதில் சொல்வதற்குள் வெங்காயம் கலக்காத முட்டைக்கோவாவும் கரட்டும் கல்லின் ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கும்.

மாத்தளையைச் சுற்றி எங்கே இசை விழா நடந்தாலும், மைதானத்தின் ஓரத்தில் முளைக்கும் சாப்பாட்டுக் கடைகளில் அவளுடையதும் ஒன்று. வயது நாற்பத்து மூன்று. சுரிதாருக்கு மேல் புருஷன் நடராஜாவின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துவாய்க் கட்டு. கடை வண்டியைத் தன் ஓட்டோவில் கட்டி இழுத்து வருவதுதான் நடராஜாவின் பங்கு. வந்து சேர்ந்ததும் அவர் பாட்டுக் கேட்கப் போய்விடுவார். லக்கலப் பக்கம் விழா என்றால் மட்டும் கடையை விட்டு அசையமாட்டார். காட்டு யானை ரோட்டில் இறங்குவதற்குள் ஊர் திரும்ப வேண்டுமென்ற கவலை அவருக்கு.

சிவநந்தினியின் கையில் ஒரு கோளாறு உண்டு. மேடையில் என்ன தாளமோ அதுதான் கல்லிலும். துள்ளல் பாட்டான பைலா என்றால் ரொட்டி பூவாய் உதிரும், தட்டுகள் பறக்கும். பாடகர் கண்ணை மூடிக்கொண்டு காதலியை நினைத்து உருக ஆரம்பித்தாரோ, தகடுகளும் சேர்ந்து உருகும். துண்டு பெரிதாகும், வரிசை நீளும். கையை எவ்வளவு அதட்டியும் அது அடங்கவில்லை. "அந்தாளுக்குப் பொண்ணு கெடைக்கலைன்னா என் ரொட்டி என்னங்க பாவம் செஞ்சிச்சு?" என்பாள். சாப்பாட்டு நேரத்தில் சோகப் பாட்டு வைக்காதீர்கள் என்று ஏற்பாட்டுக்காரர்களிடமே ஒருதரம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

கடையில் கிடைப்பது அத்தனையும் மரக்கறி. காளான் கொத்து, இடியப்பக் கொத்து, பலாப்பிஞ்சுக் கறியை வைத்துச் சுருட்டிய ரொட்டி. அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தேங்காய்ப்பூவும் காய்ந்த மிளகாயும் சேர்த்துக் கொத்தித் தருவது அவளே கண்டுபிடித்தது. அதற்கென்று நாலந்தாவிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் வந்து 'வீகன்' என்றால் அவள் மலைப்பதில்லை. "நோ முட்டை, நோ பட்டர், நோ மாசி" என்று விரல் மடக்குவாள். மூன்றாவது சொல் அவர்களுக்குப் புரியாது.

இந்த நாட்டில் மரக்கறி சாப்பிடுகிறவர்களுக்கு அது நன்றாகவே புரியும். மாசி என்பது மரக்கட்டை மாதிரிக் காய்ந்து இறுகிய மீன். அதை இடித்துச் சம்பலில், பருப்பில், ஏன் கீரையில்கூட ஒரு சிட்டிகை தூவாவிட்டால் பல வீடுகளில் சமையல் முடிந்ததாகவே கணக்கில்லை. சத்தியமாய் மரக்கறிதான் என்று சொல்லும் கடைக்காரர்கூட மாசியை மீனோடு சேர்ப்பதில்லை. பௌர்ணமிப் போயா நாளில் வரும் சிங்களச் சனங்கள் "உம்பலகட நே நேத?" என்று, மாசி இல்லைதானே என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் தட்டை வாங்குவார்கள். அவள் கல்லில் மாசி பட்டதில்லை. அந்தப் பேரில்தான் கடை ஓடுகிறது.

இவ்வளவுக்கும் அவள் சைவக்காரி இல்லை. "கருவாடு இல்லாட்டி எனக்குச் சோறு எறங்காதுங்க. இது பக்தி இல்ல, பாத்துப் புடிச்ச ஏவாரம்" என்று கூச்சமில்லாமல் சொல்வாள். முன்பொரு விழாவுக்குக் கூட்டத்தோடு கூட்டமாகப் போனபோது, விரதக்காரக் குடும்பமொன்று இறால் வடைக்கும் கோழிக் கொத்துக்கும் நடுவே அலைந்து, கடைசியில் ஆளுக்கோர் அன்னாசித் துண்டோடு புல்லில் உட்கார்ந்ததைப் பார்த்தாள். பிள்ளைகள் பசியில் சிணுங்கின. அவளுக்குப் பாவமாக இருந்தது. கூடவே கணக்கும் ஓடியது. அடுத்த விழாவுக்குக் கல்லோடு வந்தாள்.

அன்று அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. வண்டியோடு நடுவழியில் நின்றவளைப் பார்த்துத் தன் மேசையை நகர்த்திப் பாதி இடம் விட்டவர் உக்குவளை ஊர் முஸ்லிம் பெரியவர், இத்ரூஸ் நானா. மாட்டிறைச்சிக் கொத்துக்குப் பேர்போனவர். அதற்குப் பிறகு எந்த மைதானமானாலும் இரண்டு கடையும் பக்கத்தில் பக்கத்தில்தான். மாட்டுக் கல்லும் மரக்கறிக் கல்லும் தோளுரசி நிற்பதில் சிலருக்கு முகம் சுளிக்கும். அவர்களுக்காக நடுவில் ஒரு தகரம் நிறுத்தியிருக்கிறாள். அதற்கு மேலால் நாள் முழுக்கப் பேச்சு ஓடும்.

மாத்தளை அம்மன் கோயில் தேர்த் திருவிழாவுக்குக் கொடியேறிய கிழமையில் அலுவிகாரையில் ஒரு விழா வந்தது. வரிசையில் பாதிக் கைகளில் காப்பு. வெயில் தாழுமுன்பே அவளுடைய குழம்புச் சட்டி வழித்துத் துடைத்தாற்போல் ஆகிவிட்டது. குழம்பில்லாமல் கொத்து ஏது? தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து இத்ரூஸ் நானா, பதறவேண்டாம் என்று வீட்டுக்குப் போன் போட்டார். அவர் மனைவி ஸக்கியா பருப்பும் கத்தரிக்காயுமாக ஒரு பெரிய சட்டி ஆணம் ஆக்கி அனுப்பினார். அவர்கள் வீட்டில் குழம்புக்கு அதுதான் பெயர். இறைச்சி படாத புதுச் சட்டி, முட்டை இல்லை, கோழித்தூள்கூட இல்லை, எல்லாம் கேட்டுவிட்டேன் என்று பெருமையோடு தகரத்துக்கு மேலால் நீட்டினார் நானா. மேடையில் பைலா. சிவநந்தினியின் கை ஓடிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் கேட்கிற கேள்வியை அவரிடம் அவள் கேட்கவில்லை.

அந்தச் சட்டியிலிருந்து போன தட்டுகளில் ஒன்று ராசம்மாவுடையது. கோயில் தெருவில் இருப்பவர். மகன் நிதுஷன் மேடையில் தாளப் பேட் வாசிக்கிறான் என்பதற்காக வந்திருந்தார். காப்புக் கட்டிவிட்டால் வெளியே பச்சைத் தண்ணீர்கூட வாங்கமாட்டார். சிவநந்தினியின் கல் மட்டும் விதிவிலக்கு.

பைலா முடிந்து மெல்லிய பாட்டொன்று ஆரம்பமானது. கை தளர்ந்தது. ஊற்றிய குழம்பு கொத்துப்படாமல் கல்லில் கிடந்து கொதித்தது. எழுந்த ஆவி நேராக மூக்கில் ஏறியது. கருவாடு தின்று வளர்ந்த மூக்கு அது. கரண்டியை விட்டுச் சட்டியின் அடியைத் துழாவி எடுத்தாள். மாசித் தூள் படிந்திருந்தது.

சட்டியைக் கவிழ்த்துவிட்டு, கொத்து முடிந்தது என்று சொல்லியிருந்தால் ஒரு குருவிக்கும் தெரிந்திருக்காது. தனக்கும் அந்த எண்ணம் வந்ததை அவள் பிற்பாடு மறைக்கவில்லை. ஆனால் கை போய் கேஸ் அடுப்பை மூடியது. கொத்துச் சத்தம் நின்றதும் வரிசை நிமிர்ந்து பார்த்தது. புதுச் சட்டிக் குழம்பில் மாசி இருக்கிறது, யாரும் சாப்பிடவேண்டாம் என்று தமிழிலும் சிங்களத்திலும் சொன்னாள். பலர் தோளைக் குலுக்கிவிட்டுச் சாப்பிட்டார்கள். சிலர் தட்டை வைத்துவிட்டார்கள். பிறகு கல்லைச் சுற்றி வெளியே வந்து, புல்லில் உட்கார்ந்திருந்த ராசம்மாவின் முன்னால் போய் நின்றாள். தட்டில் பாதி தீர்ந்திருந்தது.

"ராசம்மாக்கா, அதுல மாசி கெடந்திருக்கு. நீங்க சாப்பிட்டுட்டீங்க."

ராசம்மாவின் முகம் வெளுத்தது. தெரிந்தா போட்டாய் என்றார். இல்லை என்றாள். அப்படியானால் யார் போட்டது என்றார்.

அதற்குள் இளவட்டங்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். சட்டி தகரத்துக்கு மேலால் வந்ததைப் பார்த்திருந்த ஒருவன் பக்கத்துக் கடையை நோக்கிக் கையை நீட்டினான். மற்றவர்கள் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். சிவநந்தினி ஓடிப்போய் அவர்களுக்கும் தகரத்துக்கும் நடுவே நின்றாள். ஒரு சட்டிக் குழம்புக்கு ஒரு ஊரே கொதிக்கக்கூடிய காலம் இது.

"என் கல்லுல வெந்தது, என் கையால குடுத்தேன்" என்றாள். "கேக்கவேண்டியவ நான், கேக்கல. வேற யாரையும் பாக்காதீங்க."

இத்ரூஸ் நானா அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. தகடுகளைப் போட்டுவிட்டு, அந்தப் பையன்களின் நடுவாலேயே நடந்து வந்தார். "ஆணம் எங்கட வீட்டு ஆணம். மாசிய மீன்டு நான் நெனக்கவே இல்லம்மா. ருசிக்கிப் போடுற சாமான்தானே" என்று ராசம்மாவிடம் சொன்னார்.

ராசம்மா கொஞ்ச நேரம் மணிக்கட்டில் காப்பைத் திருகிக்கொண்டிருந்தார். எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்குப் போனார். வாய் கொப்பளித்தார், முகத்தைக் கழுவினார், முந்தானையால் துடைத்தபடி திரும்பி வந்தார். "தெரிஞ்சு திங்கல. அம்மன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ கல்லக் கழுவு, பசிக்குது" என்றார். அதற்குமேல் அந்தப் பையன்களுக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

கல்லைச் சுரண்டி, உப்பும் தேசிக்காய்ப் புளியும் போட்டுத் தேய்த்து, வெறுங்கல்லாகக் காயவைத்து மறுபடி கழுவினாள். தகடுகளையும் அப்படியே. கையிலிருந்த தக்காளி, லீக்ஸ், கடைசித் தேங்காயின் பால் என்று சேர்த்து அடுப்பேற்றினாள். வரிசை கலையாமல் நின்றது. ராசம்மா முன்னால் நின்றார். தகரத்துக்கு அந்தப் பக்கம் இத்ரூஸ் நானா கதிரையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். வாடிக்கையாளர்கள் கூப்பிட்டும் எழும்பவில்லை.

குழம்பு கொதித்து வாசம் வந்தது. சிவநந்தினி கரண்டியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு தகரத்தைச் சுற்றிப் போனாள். "உப்புப் பாருங்க நானா" என்று கையை நீட்டச் சொன்னாள். அவர் அவளைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், தயங்கித் தயங்கி வலது கையை நீட்டினார். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, அவர் நாக்கில் வைத்துத் தலையசைக்கும்வரை எல்லாரும் பார்க்க அங்கேயே நின்றாள். பிறகுதான் திரும்பி வந்து முதல் கரண்டியைக் கல்லில் ஊற்றினாள்.