வீட்ல இல்லைன்னு சொல்லு

என் வீட்டுக்காரரால் ஓர் இடத்தில் ஒழுங்காக உட்கார முடியாது. சாப்பிடும்போதும் மேசைக்கடியில் கால் ஆடிக்கொண்டே இருக்கும். தம்ளரில் தண்ணீர் தளும்பும். நான் ஒரு கையால் தம்ளரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாப்பிடப் பழகிவிட்டேன். வேலையும் காலில் சக்கரம் கட்டியவருக்கு ஏற்ற வேலைதான். நீதிமன்றத்திலிருந்து சம்மனையும் நோட்டீஸையும் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய், கதவைத் தட்டி, உரியவர் கையில் கொடுக்க வேண்டும். அங்கே எல்லோரும் அவரைக் 'காலிங்பெல்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் பக்கத்து மேசைக்காரரே யாரென்று கேட்பார்.

அவரைப் பார்த்து யாருக்கும் முகம் மலர்ந்ததில்லை. உள்ளே டிவி ஓடும், இருமல் கேட்கும், தாளிக்கிற வாசனைகூட வரும். ஆனாலும் வாசலுக்கு வருகிறவர் கூசாமல் "வீட்ல இல்லை" என்பார். இவர் சண்டை போட மாட்டார். பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிடுவார், விஷயத்தை வாசலில் நின்று உரக்கச் சொல்வார், தாளைக் கதவில் ஒட்டிவிட்டு வந்துவிடுவார். வாங்க மறுத்தாலும் வாங்கிய மாதிரிதான் என்பது அவர் தொழிலின் சட்டம். மாலையில் வந்து எனக்கு எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவார். கட்டிலுக்கடியில் தும்மிய கம்பெனி முதலாளி, தன்னையே தன் தம்பி என்று அறிமுகப்படுத்திக்கொண்ட டாக்டர் என்று வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். சிரிக்க எனக்கு அவ்வளவு யோக்கியதை கிடையாது. ஏனென்றால் அவர் என்னைக் கண்டுபிடித்ததே அப்படி ஒரு வாசலில்தான்.

என் அப்பா ஒரு நண்பருக்காகக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். நண்பர் ஊரைவிட்டே போய்விட்டார், கையெழுத்து மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. ஒருநாள் காலை மணி அடித்தது. அப்பா பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, "வீட்ல இல்லைன்னு சொல்லு" என்று கதவிடுக்கு வழியாகச் சொன்னார். நான் சொன்னேன். வந்த ஆள் வாசலில் கிடந்த அப்பாவின் செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாத்ரூமில் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கொஞ்சம் கேட்டார். "அப்பா வந்ததும் சொல்லுங்க, வாங்கிக்கிறதுதான் நல்லது. நான் நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். கதவில் எதையும் ஒட்டவில்லை. எனக்கு அவமானத்தில் முகமெல்லாம் எரிந்தது.

நான் வேலை பார்ப்பது மூக்குக் கண்ணாடிக் கடையில். கண்ணுக்கு முன்னால் ஒரு லென்ஸை வைத்து எடுத்து, இன்னொன்றை வைத்து, இதுவா அதுவா எது தெளிவு என்று நாள் முழுக்கக் கேட்கிற வேலை. அப்பாவின் வழக்கு முடிந்த பிறகு அந்த ஆள் கடைக்கு வந்தார். எந்த லென்ஸை வைத்தாலும் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகிறது என்றார். மூன்றாவது தடவை வந்தபோது, உங்கள் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, எதற்கு வருகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். அதற்கும் நேராகப் பதில் சொல்லாமல் காலை ஆட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் கல்யாணப் பேச்சை எடுத்ததே நான்தான். இவர் எதையும் தானாக முடிவு செய்கிறவர் இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்பாவின் கடனை நானும் அண்ணனும் கட்டினோம். கல்யாணத்துக்கு முன்னால் என் சம்பளம் முழுவதும் அதற்குத்தான் போனது, கல்யாணத்துக்குப் பிறகு பாதி. இவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. கடைசித் தவணை கட்டிய அன்று நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பகல் முழுக்கத் தூங்கினேன். நிம்மதியென்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இவருக்கோ வக்கீலாக வேண்டும் என்ற ஆசை. தபால் வழியில் பட்டம் முடித்திருந்தார். நீதிமன்ற வராந்தாவில் காத்துக் கிடக்கிற நேரமெல்லாம் படித்து நுழைவுத் தேர்வும் எழுதிவிட்டார். அங்கே நகல் பிரிவில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணும் கூடவே எழுதினாள். அவளை இவர் 'நகல்' என்று கூப்பிடுவார், அவள் இவரை அண்ணா என்பாள். தேர்வு முடிவு வந்தபோது இவருக்கு ஒன்றுக்கு இரண்டாக இடம் கிடைத்தது. எங்கள் வீட்டில் அமைதி போனது அன்றைக்குத்தான்.

ஒன்று பெரிய கல்லூரி. பெரிய வக்கீல்களில் பாதிப் பேர் அங்கே படித்தவர்கள். சிலருடைய பெயர்ப் பலகையில் பெயரைவிடக் கல்லூரியின் பெயர் பெரிதாக இருக்கும். எந்த அலுவலகத்தில் வேலை கேட்டு நின்றாலும் முதலில் எந்தக் காலேஜ் என்றுதான் கேட்பார்களாம், அந்தப் பெயரைச் சொன்னால் உடனே நாற்காலி வருமாம். ஆனால் உதவித்தொகை என்று ஒரு காசு கிடையாது, முழுக்கக் கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும். மற்றது பஸ் பணிமனைக்குப் பின்னால் இருக்கிற சின்னக் கல்லூரி. அங்கே படித்தவர் என்று இவருக்கு ஒரே ஒருவரைத்தான் தெரியும், அவரும் இப்போது வீட்டுத் தரகு பார்க்கிறார். அந்தக் கல்லூரி முழுக் கட்டணத்தையும் தானே ஏற்கிறேன் என்றது, ஒரு நிபந்தனையோடு. ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் முதல் மூன்று இடத்துக்குள் வர வேண்டும். வழுக்கினால் அடுத்த வருஷத்திலிருந்து கைக்காசைப் போட்டுக் கட்ட வேண்டும். "சின்னப் பிள்ளைங்களோட ஓடணும், வயசான காலத்துல" என்று புலம்பினார். அவருக்கு அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை. ஆனால் பயந்தது நியாயம்தான்.

கடன் என்றால் வங்கி ஜாமீன் கேட்கும். மாதச் சம்பளம் வாங்குகிற ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி இருப்பது நான்.

இதை அவர் என்னிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சுற்றி வளைத்து வருவார். அந்தக் கல்லூரியில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு எடுத்தவுடன் என்ன சம்பளம் தெரியுமா என்பார். எல்லாக் கடனும் ஒன்றா, இது படிப்புக் கடன், இது வேறு என்பார். நான் "பார்க்கலாம்" என்பேன். கடையில் விலை குறைக்கச் சொல்லிக் கேட்பவர்களிடமும் நான் அதையேதான் சொல்வேன், அதன் அர்த்தம் அவர்களுக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். ஆனாலும் மறுநாள் இன்னொரு பெரிய வக்கீலின் கதையோடு வருவார்.

காலையில் பெரிய கல்லூரி, மதியம் சின்னக் கல்லூரி, மாலையில் இரண்டும் வேண்டாம், வேலையே தேவலாம். சமையலறைக்கும் வாசலுக்கும் இவர் நடந்த நடையில் கீழ் வீட்டுக்காரரே என்ன விஷயம் என்று கேட்டுவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. என் மனதும் ஒன்றும் தெளிவாக இல்லை. முடியாது என்று சொல்லிவிட்டால் நாளைக்கு ஏதோ ஒரு வாசலில் நிற்கும்போது, இவளால்தான் இப்படி நிற்கிறேன் என்று நினைப்பாரோ? சரி என்று சொல்லிவிட்டால் நான் எப்படித் தூங்குவேன்? கடையில் ஒரு பெரியவருக்கு இடது கண் லென்ஸை வலது கண்ணில் மாட்டிக் கொடுத்துத் திட்டு வாங்கினேன்.

சின்னக் கல்லூரியிலிருந்து போன் வர ஆரம்பித்தது. உண்டா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். இல்லையென்றால் உதவித்தொகை காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும். இவர் போனைக் கவிழ்த்து ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வேறு அறைக்குப் போய்விடுவார். ஊரில் இருக்கிற கடன்காரர்களையெல்லாம் தேடிப் பிடிக்கிற மனிதர், ஒரு போனுக்குப் பயந்து ஒளிந்தார். அந்த அடுத்தவர் யார் என்பதையும் வாய் தவறி என்னிடம் சொல்லிவிட்டார். நகல்தான். அதே கல்லூரியில் அவளுக்கும் இடம் கிடைத்திருந்தது, உதவித்தொகை மட்டும் இவர் விட்டால்தான் அவளுக்கு. நீதிமன்றத்தில் அவள் எதிரே வந்தால் இவர் பின்படி வழியாக இறங்கிப் போய்விடுவாராம். இதையும் எனக்கு நடித்துக் காட்டினார். இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை மாலை மணி அடித்தது. இவர் கதவில் இருக்கிற சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பார்த்தவர் திருடன் மாதிரி நுனிக்காலில் பின்வாங்கி வந்தார்.

"நகல் வந்திருக்கா. வீட்ல இல்லைன்னு சொல்லு."

சொல்லிவிட்டுப் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

அந்தத் தாழ்ப்பாள் சத்தத்தை நான் என் அப்பா வீட்டோடு விட்டுவிட்டு வந்ததாக நினைத்திருந்தேன். கதவைத் திறந்தேன். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அவள் நின்றிருந்தாள். அவள் பார்வை வாசலில் கிடந்த இவருடைய செருப்பில் விழுந்தது. பிறகு உள்ளே நாற்காலியில் தொங்கிய பையைப் பார்த்தாள். அவளும் நீதிமன்றத்துப் பெண்தானே.

"அண்ணா இல்லையாக்கா?" என்று, என்னைக் காப்பாற்றுகிற மாதிரி அவளே கேட்டாள்.

இல்லை என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இருக்கார். பாத்ரூம்ல ஒளிஞ்சிருக்கார்."

உள்ளே வரச் சொன்னேன். அவள் வரவில்லை. வாசலிலேயே நிமிர்ந்து நின்று, பாத்ரூம் இருக்கிற திசையைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

"அண்ணா, நீங்க சொல்றதுதான், வாங்க மறுத்தாலும் வாங்கின மாதிரிதான். அதனால கேட்டுக்கங்க. எனக்கு விட்டுக் கொடுங்கன்னு கேக்க நான் வரலை. உங்களுக்கு வேணும்னா வேணும்னு சொல்லிடுங்க. அப்படின்னா ஃபீஸுக்கு நான் நாளைக்குக் காலைல எங்க மாமாகிட்டப் போய்க் கை நீட்டணும். அவர் வெளியூர் கிளம்பறார். போகணுமா வேணாமான்னு எனக்கு இன்னைக்கே தெரியணும்."

எதிர்வீட்டுக் கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்தது. சாட்சியும் ஆயிற்று.

தாழ் விலகியது. முகத்தில் தண்ணீர் சொட்ட வெளியே வந்தார். அவளைப் பார்ப்பார் என்று நினைத்தேன், என்னைப் பார்த்தார். இத்தனை நாள் எத்தனையோ வக்கீல்களின் கதையைச் சொன்னவர், ஒரு வழியாகக் கேட்டார்.

"நீ கையெழுத்துப் போடுவியா?"

"மாட்டேன்."

எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. அதோடு நிறுத்தவும் முடியவில்லை. "உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்லை. எங்கப்பாவுக்கும் அவர் ஃப்ரெண்டு மேல நம்பிக்கை இருந்துச்சு. மறுபடி பெல் சத்தத்துக்குப் பயந்துக்கிட்டு என்னால இருக்க முடியாதுங்க."

அவர் மெல்லத் தலையை ஆட்டினார். கோபமில்லை. எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்த ஒன்று கைக்கு வந்துவிட்ட முகம் அது. அந்த முகத்தை நான் முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறேன். என் பிறந்த வீட்டு வாசலில், மறுநாள் காலையில் இவர் மறுபடி வந்து நின்றபோது, தானே வாசலுக்குப் போய்க் கை நீட்டி நோட்டீஸை வாங்கிய என் அப்பாவின் முகம். இவர் போனிடமிருந்தும் ஒளியவில்லை, நகலிடமிருந்தும் ஒளியவில்லை. இந்த ஒரு வார்த்தையிடமிருந்துதான் ஒளிந்துகொண்டிருந்தார்.

நகலிடம் திரும்பி, "எனக்கு அது வேணும்மா. முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார்.

"சரிண்ணா" என்றாள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். வகுப்பில் பார்க்கலாம், முதல் மூன்று இடத்தில் ஒன்று எனக்கு என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டியில் ஏறி உட்கார்ந்தவள் அதைக் கிளப்பாமல் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தாள். என் ஒரு வார்த்தைக்கு அவளும் சேர்ந்து விலை கொடுக்கிறாள் என்று தோன்றியது.

இவர் ஃபிரிட்ஜ் மேலிருந்து போனை எடுத்துக் கல்லூரிக்குப் பேசினார். யாரோ எடுத்தார்கள். சரி, வந்துவிடுகிறேன், நன்றி என்று சொல்லி வைத்துவிட்டார். இவ்வளவு நாள் வீட்டை ஆட்டிப் படைத்த விஷயம் அரை நிமிஷத்தில் முடிந்துபோனது. பெரிய கல்லூரியைப் பற்றி அதன்பிறகு அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

சாப்பிட உட்கார்ந்தோம்.

"முதல் மூணுக்குள்ள வரலைன்னா?" என்றார்.

"பார்க்கலாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் சிரித்துவிட்டார், நானும் சிரித்தேன். பிறகு அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"முதல்லேர்ந்தே இதான் உன் பதிலா?"

"ஆமா."

"ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலை."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

மேசை மேல் தம்ளரில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. கையை நீட்டித் தம்ளரைப் பிடித்துக்கொண்டு, காலைக் கொஞ்சம் சும்மா வைத்துக்கொள்ளுங்கள் என்று எரிந்து விழுந்தேன்.

அவர் குனிந்து மேசைக்கடியில் பார்த்தார்.

"இது உன் காலு" என்றார்.