ஏணிச் சிப்பும் சாதாச் சிப்பும்

"காது கேட்டதுக்கு வாய் சாட்சி சொன்னா..." என்று எங்கள் பெரியப்பா தொடங்குவார், மீதி மறந்துவிட்டது. ஆடியோ கடை வைத்தவனுக்கு அந்த மீதிதான் தினமும் தேவைப்படுகிறது.

செல்போனில் பாட்டு வெறும் எண்களாகக் கிடக்கிறது. அதை ஒலியாக்குவது டிஏசி என்கிற சிப்பு. மஸ்கட்டிலிருந்து திரும்பி, தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் முதலமடை சாலையில் கடை திறந்தபோது இரண்டு வகை வைத்தேன். ரெசிஸ்டர்களை ஏணிபோல் அடுக்கியது ஒன்று, விலை கூடுதல். மற்றது சாதா. வாசலில் பலகை: 'இரண்டு சிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கலாம்.' கடை வைத்த சகபாவிகளே, அடுத்து என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் போணி

பலகையைப் படித்துவிட்டு ஓர் அம்மா உள்ளே வந்தார். உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, ஏணி, சாதா இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே முழுப் பாட்டையும் கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"பாட்டெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. நேந்திரங்கா சிப்ஸ் அரைக் கிலோ போடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

கல் வைத்த பழம்

மாங்காய் வியாபாரி ஆறுமுகம் புது வீட்டுக்குப் பாட்டு செட் போட வந்தார். அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். மஸ்கட் விசா இன்னும் முடியவில்லை என்பதை என் மனைவி குழம்பு ஊற்றும்போதெல்லாம் நினைவூட்டிக்கொண்டிருந்தாள்.

ஆறுமுகம் கண்ணை மூடிக் கேட்டார். எது எந்தச் சிப்பு என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். தீர்ப்பு உடனே வந்தது. ஆனால் சம்பந்தி மாதவன் மாஷும் கேட்டுத் தலையாட்ட வேண்டுமாம்.

"ஏணி மரத்துல பழுத்ததுங்க. சாதா, கல்லு வெச்சுப் பழுக்க வெச்சது."

வெடிப்பு

மாஷ் ஓய்வுபெற்ற மலையாள வாத்தியார். ஏணியைப் போட்டேன். கேட்டுவிட்டு, "கொள்ளாம். நல்ல வெடிப்புண்டு" என்றார். எனக்கு உயிரே போனது. ஒலியில் வெடிப்பா! சிப்பு இருந்த பெட்டியைப் பின்னறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, ஏணியைக் கழற்றித் துடைத்து வைத்து, சாதாவை மாட்டிக்கொண்டு வந்தேன். "சிப்பை மாத்திட்டேன் மாஷே, இப்ப கேளுங்க."

கேட்ட மாஷின் முகம் சுருங்கியது. "அய்யோ, ஆ வெடிப்பு போயல்லோ!" என்றார். "அப்பாடா" என்றேன் நான். அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மலையாளத்தில் கொள்ளாம் என்றால் நன்று; வெடிப்பு என்றால் சுத்தம், துப்புரவு. பள்ளிக்கூடத்தில் நானும் படித்த சொல்தான். ஆறுமுகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, ரெண்டு பாஷை படிச்சீங்களே, ரெண்டையும் ஒரே காதுலயா ஊத்திக்கிட்டீங்க?"

பெட்டிக்குள்

ஏணியைத் திரும்ப மாட்டலாம் என்று பின்னறையில் பெட்டியைத் திறந்தால், உள்ளே ஏணியே இருந்தது. சாதா மேசைமேல் தொடப்படாமல் கிடந்தது. பதற்றத்தில், கழற்றித் துடைத்ததையே திரும்ப மாட்டியிருக்கிறேன். மாஷ் இரண்டு முறையும் கேட்டது ஒரே சிப்பை.

சொல்லாமல் விட்டால் ஏணி விற்கும். சொன்னால் ஆர்டரே போகலாம். வெளியே வந்து சொல்லிவிட்டேன். ஆறுமுகம் சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் வலை அதிர்ந்தது.

"மாங்காயும் இதே கதைதானுங்க, பேரைச் சொன்னாத்தான் ருசி வரும். ஊட்டுக்குச் சாதாவே போடுங்க. மாஷ்கிட்ட மட்டும் வாயைத் தொறந்துராதீங்க!"

சாதாவையே மாட்டிக் கொடுத்தேன், எந்தச் சிப்பு என்று மாஷ் விசாரித்தபோது "நல்ல வெடிப்பான சிப்பு" என்றேன், மஸ்கட் விசாவை முடியவிட்டேன்.