காந்தம் ஒட்டாத சூலம்

ஏழு வருஷமாக இதை எழுதப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். சொந்தச் சித்தப்பாவைப் பற்றி எழுதினால் அம்மன் பொறுப்பாளா என்று பயம். போன மாதம் திருக்கடையூரில் அவருடைய அறுபதாம் கல்யாணம். அவர் காலில் விழுந்து எழுந்தபோது பயம் போய்விட்டது. கோபம்தான் மிச்சம்.

எங்கள் ஊர் முத்துப்பேட்டைக்குப் பக்கம். ஊர் அம்மன் கோயிலுக்குச் சூலம் செய்யச் சித்தப்பா தஞ்சாவூர்ப் பட்டறைக்குப் போனார். எட்டு வயதுப் பெண் நானும் கூடப் போனேன். பட்டறைக்காரர் இரண்டு எவர்சில்வர் கம்பிகளைக் காட்டினார். இரண்டிலுமே காந்தம் ஒட்டவில்லை.

“பாக்க ரெண்டும் ஒண்ணுதாங்க. ஆனா இது இருநூத்தி ரெண்டாம் நம்பரு, நிக்கல் கம்மி. உங்க ஊரு உப்புக் காத்துக்குத் துரு புடிச்சிரும். முந்நூத்தி நாலாவது எடுங்க. முந்நூத்திப் பதினாறுன்னா இன்னும் தாங்கும்.”

“அம்மன் என்ன நம்பரா பாக்கப்போறா? காந்தம் ஒட்டலேன்னா அசல்னு ஊரு நம்பிரும்யா. சல்லிசானதையே போடு.”

திரும்பும் வழியில் சித்தப்பா எனக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

வெள்ளிதோறும் சூலத்து நுனியில் எலுமிச்சம்பழம் குத்துவது அம்மாவின் வேண்டுதல். நாலாம் மாதம் பழத்துக்குக் கீழே செம்பழுப்பாக வழிந்திருந்தது. தீட்டு என்றது ஊர். எல்லாரும் கூடிய இடத்தில் சித்தப்பா காந்தத்தை வைத்துக் காட்டினார்.

“பாருங்க, ஒட்டலை. அசல் எவர்சில்வரு. குத்தம் சூலத்துல இல்ல, தொட்ட கையில.”

“நாள் பாத்துதான் தொட்டேன் தம்பி. அந்த அம்மன் மேல சத்தியமா.”

“அப்ப நான் பொய் சொல்றனா அண்ணி?”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். அன்றோடு அம்மாவைக் கோயிலுக்குள் விடவில்லை. சாகும்வரை தெருவில் நின்றே கும்பிட்டாள்.

அவள் போய் ஒரு வருஷம் கழித்து, என் வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி போட வந்த வெல்டர் அதே எண்களைச் சொன்னார். “இருநூத்தி ரெண்டு வேணாங்க்கா. உப்புக் காத்தோட புளிப்பும் பட்டா அவ்ளோதான்.” எலுமிச்சம்பழத்துக்குக் கீழே வழிந்தது வெறும் துரு என்று அப்போதுதான் புரிந்தது.

அன்று ஊர்க் கூட்டத்தில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். பட்டறையில் கேட்டது அத்தனையும் ஞாபகம் இருந்தது. அது பெரியவர்கள் பேச்சு என்று நினைத்தேன். அந்த எண்ணைச் சொன்னால் அம்மாவுக்குக் கதவு திறக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். பன்னீர் சோடாவைக்கூட விடாமல் சொல்லுங்கள். அம்மன் சோதித்தாள் என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். அவள் செய்ததல்ல இது.